சக போட்டோகிராபரின் படத்துக்குக் கருத்துச் சொன்ன அனுபவம்: உங்களுக்கு எப்படி?

பறவைப் படம், பூப் படம் என்றால் கருத்துச் சொல்வது எளிது. கண்ணில் போகஸ் இருக்கிறதா, வெளிச்சம் சரியா, பின்னணி தொந்தரவு செய்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். கிரியேட்டிவ் படம் வந்தால்தான் பலருக்கும் வாய் அடைத்துப்போகிறது. வேண்டுமென்றே மங்கலாக்கியிருப்பார், வேண்டுமென்றே சாய்த்திருப்பார், முகத்தில் பாதியை வெட்டியிருப்பார். எது தெரிந்து செய்தது, எது தவறிப்போனது என்று பிடிபடாமல் ‘செம’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, ‘கொஞ்சம் கிராப் பண்ணியிருக்கலாம்’. எந்தப் படத்தைப் பார்க்காமலும் சொல்லக்கூடிய கருத்து அது.

நண்பர் ஒருவர் டபுள் எக்ஸ்போஷர் (இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே படத்தில் பதிப்பது) படம் காட்டினார். ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், அதற்குள் கிளைகளும் இலைகளும். பார்த்தவர்கள் எல்லோரும் ‘குழப்பமா இருக்கு’ என்றே சொல்லியிருந்தார்கள். குழப்பம்தான், ஆனால் எந்த இடத்தில்? நிதானமாகப் பார்த்தேன். முடி இருந்த பகுதியில் இலை நரம்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. கன்னத்துக்கும் நெற்றிக்கும் வந்தால் இலையும் இல்லை, தோலும் இல்லை. வெளிறிய சாம்பல் திட்டு. இரண்டு எக்ஸ்போஷர்கள் ஒன்றின்மேல் ஒன்று கூடும்போது, முதல் படத்தின் இருட்டான இடங்களில்தான் இரண்டாவது படம் நன்றாகத் தெரியும். வெளிச்சமான இடம் அதை விழுங்கிவிடும். இவரோ முகத்துக்கு நேராக லைட் வைத்திருந்தார்.

“அண்ணா, முடிக்குள்ளே இலை வந்திருக்கும் விதம் ரொம்ப நன்றாக இருக்கிறது. கன்னத்தில் அது கரைந்துவிட்டது. முகம் தெரிய வேண்டுமா, இலை தெரிய வேண்டுமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், “முகமே வேண்டாம்ப்பா, உருவம் மட்டும் போதும்” என்றார். அப்படியானால் முன்னால் இருக்கும் லைட்டை அணைத்துவிட்டு, பின்னால் உள்ள வெள்ளைத் திரையில் மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்து, ஆளைக் கருநிழலாக எடுத்துப் பாருங்கள் என்றேன். அடுத்து எடுத்த படத்தில் கழுத்திலிருந்து நெற்றிவரை இலைகள் நிறைந்திருந்தன. மூக்கின் விளிம்பில் கிளைகள் கத்தரித்து விட்டதுபோல் நின்றன. கேட்காமல் விட்டிருந்தால் முகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று அரை மணி நேரம் பேசியிருப்போம்.

அதனால் கிரியேட்டிவ் படத்துக்கு முதலில் கேள்வி, அப்புறம்தான் யோசனை என்பது என் கட்சி. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

* * *

கேள்வி சரி. ஆனால் அதையே முதலில் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. எடுத்தவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டால், படத்தில் இல்லாததெல்லாம் நம் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்துவிடும். ‘தனிமையைக் காட்டியிருக்கிறேன்’ என்று சொன்ன பிறகு அதில் தனிமையைப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்? நான் முதலில் என் கண் எங்கே போனது என்று மட்டும் சொல்வேன். நல்லது, கெட்டது என்று எதுவும் சேர்க்காமல்.

ஒரு தம்பி, குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேகங்களுக்கு நடுவே மிதப்பதுபோல ஒரு படம் செய்திருந்தார். ஆளைத் தனியாக எடுத்து, மேகத்தைத் தனியாக எடுத்து ஒட்டியது. “என் கண் முதலில் ஷூவுக்குப் போகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது” என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் முழு உழைப்பையும் போட்டது முகத்துக்கு. ஷூவைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. பழைய பின்னணியின் மிச்சம். ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மாஸ்க்கின் விளிம்பை ஓரிரு பிக்சல் உள்ளே தள்ளியதும் அது போய்விட்டது.

அதற்குப் பிறகும் ஏதோ ஒட்டவில்லை. இருவரும் உட்கார்ந்து தேடினோம். ஆளுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து, மேகத்துக்கு வலப்பக்கத்திலிருந்து. ஆள் வழுவழுவென்று இருந்தார், மேகத்தில் நாய்ஸ், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள். அவர் ஆள் இருந்த லேயரை, அதாவது அந்தப் படத்தின் அடுக்கை, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பப் போனார். “சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும் தம்பி, மேகத்தைத் திருப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது?” என்றேன். சிரித்துக்கொண்டே திருப்பினார். கடைசியில் எல்லா லேயர்களுக்கும் மேலே லேசாக ஒரே கிரெயின் (பிலிம் படத்தில் தெரிவதுபோன்ற பொடிப் புள்ளிகள்) போட்டதும் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்ததுபோல் சேர்ந்துகொண்டன. என்ன நினைத்துச் செய்தார் என்று கடைசியாகத்தான் கேட்டேன். சின்ன வயதில் அடிக்கடி வந்த கனவாம்.

* * *

கலரைப் பற்றிக் கருத்துச் சொல்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். என் படம் ஒன்று லோ கீ, பெரும்பாலும் இருட்டாகவே விடும் பாணி: இருட்டு அறை, ஒரு கை, அதன் விளிம்பில் மட்டும் ஒளி. ஒருவர் ‘வெறும் கறுப்பா இருக்கு’ என்றார், இன்னொருவர் ‘மஞ்சள் தூக்கலா இருக்கு’ என்றார். விசாரித்தால், முதலாமவர் வெயிலில் நின்று போனில் பார்த்திருக்கிறார். இரண்டாமவர் போனில் இரவு நேரத்துக்கான மஞ்சள் திரை ஆன் ஆகியிருக்கிறது. இருட்டான படத்தைக் குறை சொல்வதற்கு முன் ஹிஸ்டோகிராமைக் (படத்தில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) கேட்டு வாங்கிப் பாருங்கள். இடது ஓரச் சுவரில் முட்டிக் குவிந்து கிடந்தால் அங்கே விவரம் நிஜமாகவே போய்விட்டது. சரிந்து வந்து ஓரத்தைத் தொடும் இடத்தில் அடங்கிவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் உங்கள் திரையில்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த கலர் வரம்பில் சேமித்த படத்தை, அது எந்த வரம்பு என்று சொல்லும் கலர் புரொபைலைப் படிக்காத ஆப்பில் திறந்தால் கலர் செத்துப்போய்த் தெரியும். சாச்சுரேஷனை (கலரின் அடர்த்தியை) ஏற்றச் சொல்வதற்கு முன், பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபியில் மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

* * *

கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுக்கும் ஐசிஎம் (இன்டென்ஷனல் கேமரா மூவ்மென்ட்) படங்கள் எனக்குப் பிடிக்கும். ஒரு மேடம் மரங்களை அப்படி எடுத்திருந்தார். அரை வினாடி ஷட்டர், மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு. அதற்கு ஒருவர் சொன்னது: ‘ஷேக் ஆகியிருக்கு, ட்ரைபாட் வாங்குங்க.’ பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு 1863இல், 48 வயதில், கேமரா பரிசாகக் கிடைத்தது. அவருடைய மென்மையான போகஸைப் பார்த்து அந்தக் காலப் புகைப்பட இதழ்களும் போகஸ் தெரியாதவர் என்றே எழுதின. 1865இல் லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. ஆக, ட்ரைபாட் யோசனைக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

அதற்காக, மங்கலாக எடுத்ததெல்லாம் கலை என்று தலையாட்டவும் கூடாது. அந்த மேடத்தின் படத்தில் மரங்களின் கோடுகள் மேலிருந்து நேராக இறங்கி, அடியில் மட்டும் ஒரு கொக்கிபோல் வளைந்திருந்தன. கை நிற்கும் நேரத்தில் ஷட்டர் இன்னும் திறந்திருந்ததால் வந்தது அது. “ஷட்டரை அழுத்தும் முன்பே அசைக்க ஆரம்பியுங்கள், மூடிய பிறகும் ஒரு நொடி அசைத்துக்கொண்டே இருங்கள்” என்று சொன்னேன். அவருக்கு அந்தக் கொக்கி பிடிக்கவில்லையாம், ஆனால் எதனால் வருகிறது என்று அதுவரை தெரியவில்லையாம். ஐசிஎம் எடுக்கும் யாரிடமாவது இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

* * *

கேட்காமல் அடுத்தவர் படத்தை எடிட் செய்து ‘இப்படிப் பண்ணியிருக்கலாம்’ என்று அனுப்புகிறார்களே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அது அறவே ஆகாது. அனுப்புபவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். வாங்குபவருக்கு ‘தள்ளு, நான் செய்கிறேன்’ என்றுதான் கேட்கும். நான் “எடிட் பண்ணிக் காட்டட்டுமா, இல்லை இடத்தை மட்டும் வட்டம் போட்டுக் காட்டினால் போதுமா?” என்று கேட்டுவிடுவேன். பாதிப்பேர் வட்டம் போதும் என்பார்கள்.

அப்படி ஒருவருக்கு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படத்தில் மேல் மூலையை வட்டமிட்டு, வெளிச்சம் அங்கே இழுக்கிறது, கொஞ்சம் இருட்டாக்கிப் பாருங்கள் என்று சொன்னேன். “சொன்னது புரிகிறது சார், நானே ஏதாவது செய்து பார்க்கிறேன்” என்றார். செய்தார். மூலையை இருட்டாக்கவில்லை, இன்னும் வெளுக்க வைத்து, ஜன்னல் பக்கம் முழுவதையும் ஹை கீ (எல்லாம் வெளிச்சமாக, வெண்மையாகத் தெரியும் பாணி) ஆக்கி, பாட்டியின் ஒரு தோளை அந்த வெள்ளைக்குள் கரையவிட்டுவிட்டார். எனக்கு இன்னமும் அந்தத் தோளில் உறுத்தல் இருக்கிறது, அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பெரிதாக பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.