புதுப்பிப்பு: .223-க்கு 50 கிரெயின் குண்டு

பிரெய்ரி நாய் (வளை தோண்டி வாழும் அணில் இனப் பிராணி) வேட்டைக்கு என் .223 ரெமிங்டன் தோட்டா போடும் ரைஃபிளில் எந்த எடைக் குண்டு சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். பேரலின் உட்புறத்தில் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ளது. 69 கிரெயின் (குண்டு எடையின் அலகு) சொன்னவர்களுக்கு: அந்த நீளக் குண்டு இந்த மெதுவான முறுக்கில் நிலைப்படவில்லை, குண்டு பக்கவாட்டில் திரும்பிப் பட்டு இலக்கு அட்டையில் நீள ஓட்டைதான் விழுந்தது. 50 கிரெயின் பிளாஸ்டிக் முனைக் குண்டு நெருக்கமாக விழுகிறது. குண்டின் உலோக உறை மெல்லியது, தரையில் பட்டதும் சிதறிவிடுவதால் தெறித்துப் பறக்கும் ஆபத்தும் குறைவு.

தோட்டாக்களை நானே நிரப்புகிறேன்; வெடிமருந்தை நிரப்பும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து சிறுகச் சிறுக ஏற்றினேன். உச்ச அளவுக்குக் கீழேயே துல்லியம் கிடைத்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன். கூடுதல் வேகத்துக்காகப் பேரலை ஏன் தேய்ப்பானேன்? பித்தளைத் தோட்டாக் கூடுகளை 1.750 அங்குல நீளத்துக்கு வெட்டிக்கொள்கிறேன். அப்புறம், .204 ரூகர் (இன்னொரு தோட்டா வகை) ரைஃபிள் வாங்கச் சொன்னவர்களே, ஆசை இருக்கிறது, காசுதான் இல்லை.