64-பிட் பைத்தானில் சென்ட்இன்புட் 0 திருப்புகிறது, தமிழ் எழுத்து விழவில்லை

கேட்டவர் (ஜார்ஜ்டவுன்):
வணக்கம். லெபோ பாசாரில் ஓர் அச்சுக்கடைக்கான ஸ்கிரிப்ட் இது. கோப்பில் உள்ள தமிழ்ப் பெயர்களை, பில் போடும் மென்பொருளின் கட்டத்தில் விசை தட்டியதுபோல் இறக்கணும். அந்தக் கட்டம் பேஸ்ட்டை ஏற்காது. அதனால் சிடைப்ஸ் (பைத்தானிலிருந்து சி நூலகங்களைக் கூப்பிடும் தொகுதி) வழியாக, விண்டோஸின் யூசர்32 நூலகத்தில் விசைத் தட்டல்களை அனுப்பும் சென்ட்இன்புட்டைக் கூப்பிடுகிறேன். 28 பைட் பஃபர் ஒன்றில் டைப்பை 0-இலும், ஸ்கேனை 6-இலும், ஃபிளாக்கை 8-இலும் கையாலேயே நிரப்புகிறேன். 32-பிட் பைத்தானில் ஒழுங்காக ஓடியது. 64-பிட் போட்டதும் 0 திரும்புகிறது. கடைசிப் பிழை எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரரைக் கூப்பிட்டால் அதுவும் 0. எங்கே கோளாறு?

பதில் (பட்டர்வொர்த்):
தம்பி, அந்தப் பிழை எண்ணை நம்பாதீங்க. நீங்க கேட்பதற்குள் பைத்தான் உள்ளே வேறு கூப்பாடுகள் செய்து அதை அழித்திருக்கும். யூசர்32-ஐ ஏற்றும்போதே 'யூஸ் லாஸ்ட் எரர்' என்பதை ட்ரூ ஆக்கி, பிறகு சிடைப்ஸின் சொந்த கெட்-லாஸ்ட்-எரரில் கேளுங்க. 87 வரும். அளவுரு தவறு என்று அர்த்தம். இங்கே தவறு மூன்றாவது அளவுருவான சைஸ்.

64-பிட்டில் சென்ட்இன்புட்டுக்குத் தரும் ஒரு பதிவு 40 பைட். விசைப் பதிவு உள்ளே இப்படி இருக்கும்:

0–3 டைப் (விசைக்கு 1)
4–7 காலி
8–9 வெர்ச்சுவல் கீ (யூனிகோடுக்கு 0)
10–11 ஸ்கேன் (எழுத்தின் எண்)
12–15 ஃபிளாக் (அழுத்த 4, விட 6)
16–19 டைம்
20–23 காலி
24–31 எக்ஸ்ட்ரா இன்ஃபோ
32–39 காலி

எக்ஸ்ட்ரா இன்ஃபோ பாயிண்டர் அளவு, அதாவது 8 பைட். அது 8-ஆல் வகுபடும் இடத்தில்தான் உட்காரும். நடுவில் காலியிடம் விழுவது அதனால்தான். இதை முடிவு செய்வது பைத்தானின் பிட், விண்டோஸின் பிட் அல்ல. 64-பிட் விண்டோஸிலும் 32-பிட் பைத்தானுக்கு 28-தான். கையால் நிரப்புவதை விட்டுவிட்டு ஸ்ட்ரக்சர் கிளாஸாக எழுதுங்க, சைஸ்ஆஃப் தரும் அளவையே அனுப்புங்க.

கேட்டவர்:
அப்படியே எழுதினேன் அண்ணே. சைஸ்ஆஃப் 32 என்கிறது. பிழை 87 இன்னும் போகவில்லை.

பதில் (கோலாலம்பூர், செந்தூல்):
யூனியனுக்குள் (பல வகைப் பதிவுகள் ஒரே இடத்தைப் பகிரும் பகுதி) விசைப் பதிவை மட்டும் வைத்திருப்பீங்க. நீங்க எலியை அசைக்காவிட்டாலும் மவுஸ் பதிவும் அங்கே இருந்தாகணும். விசை, மவுஸ், ஹார்டுவேர் என்ற மூன்று வகையில் பெரியது அதுதான், 32 பைட். டைப்பும் காலியிடமுமாக முன்னால் 8 பைட், ஆக 40.

இன்னொரு இடத்திலும் பலர் வழுக்குகிறார்கள். எக்ஸ்ட்ரா இன்ஃபோவுக்கு சிடைப்ஸின் சி-யுலாங் என்ற எண் வகையைப் போட்டால், 64-பிட் விண்டோஸிலும் அது 4 பைட்தான், மொத்தம் மறுபடி 28-க்கே இறங்கிவிடும். சி-சைஸ்-டி போடுங்க. பேக் 1 என்று எங்கேயும் சேர்க்காதீங்க, காலியிடங்கள் மறைந்துவிடும்.

கேட்டவர்:
40 வந்துவிட்டது, நன்றி! நோட்பேடில் 'பினாங்கு' அழகாக விழுந்தது, 16 திரும்பியது. நாலு எழுத்துக்கு ஏன் 16? 'கெ' மட்டும் புள்ளி வட்டத்தோடு உடைந்து வருகிறது. பில் மென்பொருளில் எல்லாமே கேள்விக்குறி.

பதில் (பட்டர்வொர்த்):
கண்ணுக்கு நாலு, யூனிகோடுக்கு எட்டு: ப, ி, ன, ா, ங, ், க, ு. ஒவ்வொன்றுக்கும் அழுத்த ஒன்று, விட ஒன்று, ஆக 16 பதிவு. எட்டையும் ஒரே அணியில் கட்டி ஒரே தடவையில் அனுப்புவது நல்லது. தனித்தனியாக அனுப்பினால், நடுவில் கடைக்காரர் ஒரு விசையைத் தொட்டாலே பெயர் கெட்டுப்போகும்.

'கெ' உடைவது கோப்பின் கோளாறு. பழைய எழுத்துருப் பழக்கத்தில் யாரோ கொம்பை முன்னால் அடித்திருக்காங்க. யூனிகோடில் க முதலில் (2965), கொம்பு பிறகு (3014). அந்தப் பெயர்களைக் கோப்பிலேயே திருத்துங்க.

கேள்விக்குறி வேறு சங்கதி. ஒன்றுமே விழாமல் இருந்திருந்தால், அந்த மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறது, ஸ்கிரிப்டையும் அப்படியே ஓட்டுங்க என்று சொல்லியிருப்பேன். அந்தத் தடையைத் திரும்பும் எண்ணும் பிழை எண்ணும் காட்டிக்கொடுக்காது. உங்களுக்கு விசை போய்ச் சேருகிறது, எழுத்துதான் மாறுகிறது. அந்தக் கட்டத்தின் ஹேண்டிலை (விண்டோஸ் அதற்குத் தரும் அடையாள எண்) யூசர்32-இன் இஸ்விண்டோயூனிகோடிடம் கொடுத்துப் பாருங்க. 0 வந்தால் அது ஆன்சி சன்னல், அதாவது யூனிகோடு அல்லாத பழைய வகை. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட் பேஜ் (எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்) கிடையாது. ஸ்ட்ரக்சரை எப்படி மாற்றினாலும் அங்கே யூனிகோடுத் தமிழ் போகாது.

கேட்டவர்:
0 வருகிறது. அந்தக் கட்டத்தின் எழுத்துருவைத் திஸ்கிக்கு (பழைய 8-பிட் தமிழ்க் குறியாக்கம்) மாற்ற மென்பொருள் இடம் கொடுக்கிறது. அது உதவுமா?

பதில் (செந்தூல்):
உதவும். பெயரைத் திஸ்கி பைட்டுகளாக மாற்றுங்க. அந்த பைட்டுகளை 1252 கோட் பேஜாக வாசித்தால் வரும் எழுத்துகளை இதே 40 பைட் பதிவுகளில் அனுப்புங்க. கணினியின் ஆன்சி கோட் பேஜ் 1252 தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்க. திஸ்கியில் மட்டும் கொம்பு முன்னால்தான் வரும். அதனால் கோப்பைத் திருத்திய பிறகே மாற்றியை ஓட்டுங்க.