உடைந்த கிரேயானை வீசிவிடாதீர்கள்: பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா லீவில் கலர் அடித்த அனுபவம்

ரங்கூன் அம்மா:

எங்கள் சின்னவனுக்கு நாலரை வயது. பிப்ரவரியில் பாலர் பள்ளி மூடும்போது மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவனுக்குக் கோட்டுக்குள் கலர் அடிக்க வரவில்லை, லீவில் தினமும் நாலு பக்கம் அடிக்க வையுங்கள் என்றார். நானும் பயந்துபோய் ஒரு கலரிங் புத்தகம் வாங்கினேன், மயில், தோகை, தோகைக்குள் கண்ணு கண்ணாக நூறு கட்டம். முதல் பக்கத்திலேயே அழுகை. பென்சிலை உலக்கை மாதிரி முழுக் கையால் பிடித்து அழுத்தினதில் மயிலின் கழுத்தருகே தாளே கிழிந்துவிட்டது. மூன்றாம் நாள் புத்தகத்தை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்.

நாத்தனார் மகள் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளுக்குக் கை, உடலைப் பழக்குகிற சிகிச்சை, படித்தவள். வந்தவள் அவன் கையைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். "அத்தை, இவனுக்கு இன்னும் தோள்தான் கலர் அடிக்கிறது, விரல் இல்லை" என்றாள். முதலில் தோள், அப்புறம் முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரலாம். ஒன்றரை வயதில் முஷ்டிப் பிடி, மூன்றரை நாலு வாக்கில் மூன்று விரல் பிடி, விரல்கள் மட்டும் தனியாக அசைந்து வேலை செய்வது நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மணிக்கட்டில் இருக்கிற 8 எலும்பும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான், ஒவ்வொன்றாக முற்றி வர பத்து வயதுபோல ஆகிவிடும். இதைக் கேட்ட பிறகு அந்த மயிலை நினைத்து எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

அவள் செய்த முதல் வேலை, புது கிரேயானையெல்லாம் பட் பட்டென்று உடைத்தது. ஒரு அங்குலத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் தானாகவே சேர்ந்துதான் ஆக வேண்டும். எத்தனை மாதம் "ஒழுங்காகப் பிடி, ஒழுங்காகப் பிடி" என்று அவன் விரலைப் பிடித்துத் திருப்பினேன்! அப்புறம் பழைய காலண்டர் தாளைத் திருப்பிச் சுவரில் அவன் கண் மட்டத்துக்கு ஒட்டினாள். நின்றுகொண்டு அடித்தால் மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும், தோளுக்கும் பலம் வரும்.

படம் போட்டது எங்கள் அப்பத்தா. அரிசி மாவைக் கெட்டியாகக் கரைத்து, கோலம் போடுகிற கையால் ஒரு பெரிய தண்ணீர்க் குடமும் நாலு பிடௌக் பூவும் (நம் வேங்கைக்கு உறவு, இங்கே ஏப்ரலில் மஞ்சளாகக் கொட்டுமே, அதுதான்) தட்டையான அட்டையில் இழுத்தார்கள். காய்ந்ததும் கோடு மேடாக நின்றது. கிரேயான் அதில் இடித்து நிற்கும்போது கோடு எங்கே என்று அவன் கைக்கே தெரிந்தது, நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பூவை அவன் நீலத்தில் அடித்தான். அடிக்கட்டும்.

ஏப்ரல் வெயிலில் கரண்ட் இல்லாத மத்தியானங்கள்தான் எங்களுக்கு வகுப்பு. கலர் மட்டும் இல்லை, முகத்தில் பூசுகிற தனக்கா கட்டையைக் கல்லில் வட்டமாக அரைத்தான், திருவிழாவுக்குச் செய்கிற மோன்லோன்யேபோவுக்கு, அதாவது வெல்லத்துண்டு வைத்த அந்த அரிசி உருண்டைக்கு, உள்ளங்கையில் மாவு உருட்டினான். எல்லாம் அதே விரல்களுக்குத்தானே வேலை. இப்போது மூன்று விரலில் பிடிக்கிறான். அழுத்தம் மட்டும் இன்னும் குறையவில்லை.

மோல்மேன் ஊரில் ஞாயிறு தமிழ் வகுப்பில் உதவுகிறவர்:

அக்கா, இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 3 வயதில் பிள்ளை வட்டம் போடும், சதுரம் 4 தாண்டித்தான், முக்கோணம் 5 வாக்கில். பர்மிய எழுத்து முழுக்க வட்டம், நம் ட, ப எல்லாம் மூலை. அதனால் பள்ளியில் பர்மிய எழுத்தை அழகாக எழுதுகிற பிள்ளை நம் வகுப்பில் ட-வின் மூலையில் வந்து திணறும், பெற்றோர் அதற்குத் தமிழ் வரவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். நான் இப்போது சின்னவர்களுக்குப் பூ, குடம், பலூன் என்று உருண்டையானவற்றையே முதலில் கொடுக்கிறேன், பட்டமும் வீடும் பிறகுதான்.

இன்னொன்று, இடது கைப் பிள்ளைகள். என் தங்கை மகள் இடது கையில் கிரேயான் எடுத்தபோதெல்லாம் வீட்டில் தட்டித் தட்டி மாற்றினார்கள், கடைசியில் கலரையே தொடமாட்டேன் என்றாள். மாற்றவே கூடாது. தாளின் தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தோம், அடித்த கலரின் மேல் கை தேயாமல் அவளுக்குச் சுலபமாகிவிட்டது.

சிரியம் தாத்தா:

கிரேயான் வாங்கவும் வேண்டாம் அம்மா. பேத்திக்கு நாலு வயது. திருவிழா வாளியில் மிச்சத் தண்ணீர் இருந்தது, சுண்ணாம்பு அடிக்கிற பழைய பிரஷ் ஒன்றைக் கொடுத்துச் சிமெண்ட் சுவரில் வரையச் சொன்னேன். எக்கி எக்கி யானை வரைந்தாள், அந்த வெயிலில் வால் வரைவதற்குள் தும்பிக்கை காய்ந்துவிடும். பத்து நிமிஷத்துக்கு மேல் நான் இழுப்பதில்லை, கை தளர்ந்தால் மறுபடி முஷ்டிக்குப் போய்விடுகிறாள். அன்றைக்கு மட்டும் நிறுத்த முடியவில்லை. "தாத்தா, யானை வீட்டுக்குப் போயிட்டுது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாளிக்கு ஓடினாள்.