எண்ணிம நூலகம், விஞ்ஞான வளங்கள்: அரச நிதி எடுத்தவர்களின் அனுபவங்கள் (மட்டக்களப்பு, அம்பாறை)

படுவான்கரை, நூலகப் பணியாளர்:

அரச நிதியில் நூலகத்தை எண்ணிமமாக்கப் பார்த்தவர்கள், பிள்ளைகளுக்கு விஞ்ஞான வளங்கள் செய்தவர்கள் எல்லாரும் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் நூலகத்தில் கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், கையால் எழுதிய கூத்துக் கொப்பிகள் என்று ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது. ஒரு மாரியில் வெள்ளம் ஏறி அடித்தட்டு நனைந்த பிறகுதான் இவற்றை ஸ்கேன் பண்ணி வைக்க வேண்டும் என்று முன்மொழிவு எழுதிக் கொடுத்தோம். காசு வந்தது, ஆனால் வருடக் கடைசியில் வந்தது. டிசம்பர் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும், அதற்குள் விலைமனு எடுக்க வேண்டும், அனுமதி எடுக்க வேண்டும், பில் கொடுக்க வேண்டும். ஓடித் திரிந்து ஸ்கேனரும் மடிக்கணினியும் வாங்கிவிட்டோம். ஸ்கேன் பண்ண ஒரு ஆளுக்குச் சம்பளம் கேட்டால், அது மீண்டெழும் செலவு (திரும்பத் திரும்ப வருகிற செலவு), இந்த நிதி பொருள் வாங்குகிற மூலதனச் செலவுக்கு மட்டும் என்றார்கள்.

வேலை முழுக்க அந்த ஆளிடம்தான் இருக்கிறது. ஈரத்தில் ஒட்டிப்போன மலரை விசிறிக் காற்றில் காயவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் மட்டையை ஓரத்தில் விட்டு ஒவ்வொரு தாளாகக் கிளப்ப வேண்டும், அவசரப்பட்டால் எழுத்து மற்றப் பக்கத்தோடு போய்விடும். பிறகு தலைப்பு, ஆண்டு, அச்சகம், யார் யார் எழுதினார்கள் என்று பதிய வேண்டும். இதெல்லாம் இல்லாமல் ‘ஸ்கேன் 47’ என்று கிடக்கிற கோப்பை யார் தேடி எடுப்பது? உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த தங்கச்சி ஒருவர் சம்பளம் இல்லாமலே வந்து பொறுமையாகச் செய்தார். அவர் பல்கலைக்கழகம் போனதும் வேலை நின்றுவிட்டது. முடிந்தவற்றின் பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். 2005இலிருந்து அவர்கள் ஈழத்து நூல்களைச் சேர்த்து இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருப்பதால், எங்கள் கணினி பழுதானாலும் மலர்கள் அங்கே இருக்கும்.

திருக்கோவில் பக்கம், விஞ்ஞான ஆசிரியை:

அண்ணன், ஆளுக்குக் காசு இல்லாத பிரச்சினை பெரிய நாடுகளிலும் இருந்திருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய விஞ்ஞான அறக்கட்டளை 2000இல் தேசிய விஞ்ஞான எண்ணிம நூலகத்துக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது, 2002 டிசம்பரில் அது எல்லாருக்கும் திறந்தது. நிதி நின்ற பிறகு அதை வேறு ஆட்கள் பொறுப்பெடுக்க வேண்டி வந்தது.

ஆனால் அரச காசு எங்களுக்கு நேரே உதவிய இடமும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) செயற்பாடுகளைத்தான் சொல்கிறேன், கணினித் திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கலாம். 2001இல் பௌதிகவியல் நோபல் பரிசு எடுத்த கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது, அதே அறக்கட்டளையின் நிதியும் அதற்குக் கிடைத்தது. பலவற்றைத் தமிழிலேயே திறக்கலாம். ஒரு தரம் தரவிறக்கி யூஎஸ்பியில் போட்டுவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், எங்கள் பாடசாலைக்கு அதுதான் பெரிய விஷயம். ஆய்வுகூடத்தில் அம்பியர்மானி எல்லாருக்கும் காணாது. மின்சுற்றுப் பாடத்தில் பிள்ளைகள் திரையில் கம்பியை இழுத்துப் பூட்டி, இரண்டாவது மின்குமிழைத் தொடராகப் போட்டதும் வெளிச்சம் குறைவதைப் பார்த்துவிட்டு, “மிஸ், பக்கத்தில பூட்டினா குறையாதா?” என்று ஒரு மகன் தானாகவே கேட்டான். சமாந்தரச் சுற்றை நான் கரும்பலகையில் தொடங்கவே தேவைப்படவில்லை. ஆனபடியால் நிதி கேட்கிறவர்கள் பெரிய திரைக்கு எழுத முதல், ஒள்ளுப்பக் காசிலே பழைய கணினிகளைத் திருத்தி இப்படியானவற்றைப் போட்டுக் கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்த பெரிய திரை, பூட்டிய அறைக்குள் உறை போட்டபடி இருக்கிறது, பழுதானால் யார் பொறுப்பு என்ற பயம்.

கல்முனை, ஓய்வுபெற்ற திட்ட உத்தியோகத்தர்:

தம்பி, பொது நூலகம் பிரதேச சபையின் கீழ்தானே. வெளி நிதியில் பொருளை வாங்குங்கள், ஆளுக்கான காசைச் சபையின் அடுத்த வருடப் பாதீட்டுக்குள் போடச் சொல்லி, அதைத் தயாரிக்கிற நேரத்திலேயே கடிதம் கொடுங்கள். பாதீடு நிறைவேறிய பிறகு போனால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும். கடிதத்தில் ‘எண்ணிமமாக்கல்’ என்று மொட்டையாக எழுதாமல் எத்தனை மலர், எத்தனை பக்கம், ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு முடிப்பார் என்று போடுங்கள், உறுப்பினர்கள் அதைத்தான் கேட்பார்கள். நனைந்த மலர் ஒன்றையும் கையோடு கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

படுவான்கரை, நூலகப் பணியாளர்:

நன்றி ஐயா. பக்கக் கணக்கை இந்தக் கிழமையே எடுக்கத் தொடங்குகிறேன். மிஸ், அந்த மின்சுற்றுக் கோப்பை எனக்கும் அனுப்பிவிடுங்கள், ஸ்கேன் வேலை இல்லாத நேரம் மடிக்கணினி சும்மாதான் கிடக்கிறது, பின்னேரம் வருகிற பிள்ளைகள் பார்க்கட்டும்.