லிங்க்ஸ் அவேகனிங்: கேம் பாய் பதிப்பா, ஸ்விட்ச் பதிப்பா?

நீலக்கல்: 1993-இல் நிண்டெண்டோவின் கையடக்க ஆட்டக் கருவியான கேம் பாயில் வந்த 'லிங்க்ஸ் அவேகனிங்' வீடியோ கேமை மறுபடி ஆடி முடித்தேன். செல்டா வரிசையில் எனக்கு இதற்குத்தான் முதலிடம். இத்தனைக்கும் வரிசைக்குப் பெயர் தந்த இளவரசி செல்டாவே இதில் வருவதில்லை. புயலில் படகு உடைந்து நாயகன் லிங்க் கோஹோலிண்ட் தீவில் கரை ஒதுங்குகிறான். மலை உச்சியில் முட்டைக்குள் தூங்கும் விண்ட் ஃபிஷ் என்ற மாயப் பிராணியை எட்டு இசைக்கருவிகளை வாசித்து எழுப்பினால்தான் அவன் தீவைவிட்டுப் போக முடியும். 2019-இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த மறுஆக்கம் அழகுதான். ஆனால் பழையதை நெருங்கவில்லை.

சாவிக்கொத்து: பழைய பாசத்தில் பேசுகிறீர்கள். கேம் பாயில் பொருள்களுக்கு இருப்பது இரண்டே பட்டன். தாவ இறகு, பாறை தூக்கக் காப்பு, வெட்ட வாள் என்று நிமிடத்துக்கு ஒருமுறை மெனுவைத் திறக்க வேண்டும். காப்பை மாட்டாமல் பாறையில் லேசாக உரசினாலும் ஒரு செய்தி வந்து ஆட்டத்தை நிறுத்தும், ஒவ்வொரு தடவையும்! மறுஆக்கத்தில் வாள், கேடயம், காலணி, காப்பு நான்கும் எப்போதும் கைவசம்.

நீலக்கல்: அந்தச் செய்தி எரிச்சல்தான், சரி. ஆனால் இரண்டு பட்டன் என்பதால்தான் எதை எதோடு சேர்ப்பது என்று மூளை வேலை செய்கிறது. வில்லையும் குண்டையும் மாட்டி இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்துங்கள், வெடிக்கும் அம்பு பாயும். அப்புறம் அந்த வரைபடம். 160-க்கு 144 புள்ளித் திரையில், பதினாறுக்குப் பதினாறாக 256 திரைகள். ஒவ்வொன்றையும் தனிப் புதிராக யோசித்து அடுக்கியிருக்கிறார்கள். மறுஆக்கத்தின் வெளிப்புறத்தில் திரை இழுபட்டு நகர்வதால் அந்த எல்லைகள் கரைந்துவிடுகின்றன.

சாவிக்கொத்து: அது கருவியின் வரம்பு. அதைக் கலை என்று கொண்டாட முடியாது. அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை.

அலைவரிசை: இரண்டு பேரும் பட்டனையும் திரையையும் பிடித்துக்கொண்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். (கதை தெரியாதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள்.) ஐந்து இசைக்கருவிகள் கிடைத்த பிறகு தெற்குக் கோயிலில் ஒரு சுவர்ச் சிற்பம் வரும். இந்தத் தீவே விண்ட் ஃபிஷின் கனவு, அது விழித்தால் எல்லாம் மறையும் என்று அங்கேதான் தெரிகிறது. கரையில் கிடந்த லிங்க்கைக் காப்பாற்றிய மாரினும் மறைவாள். இன்னும் மூன்று கருவிகள் பாக்கி. தெரிந்துகொண்டே போய் எடுக்க வேண்டும்.

சாவிக்கொத்து: அது இரண்டு பதிப்பிலும் உண்டே! ஆட்டத்தைப் பாராட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். பதிப்புச் சண்டைக்கு அது உதவாது.

நீலக்கல்: உதவும். மறுஆக்கத்தில் எல்லாம் பளபளக்கும் பொம்மைகள், திரையின் விளிம்பு மங்கலாக இருக்கும். முதல் நிமிடத்திலேயே இது நிஜ இடமில்லை என்று கண் சொல்லிவிடுகிறது. கேம் பாயில் அந்த ஊரை நிஜ ஊராகவே நம்பித் திரிகிறோம். மாரின் கடற்கரையில் உட்கார்ந்து, கடற்பறவையாகப் பிறந்திருந்தால் தொலைதூரம் பறந்திருப்பேன் என்கிறாள். அதையும் அப்படியே நம்புகிறோம். அதனால்தான் சிற்பத்தைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

சாவிக்கொத்து: கனவு கனவு மாதிரி இருப்பதில் என்ன தப்பு? பொம்மைத் தோற்றம்தான் இந்தக் கதைக்குச் சரி என்று நான் நினைக்கிறேன்.

நீலக்கல்: ஏற்கெனவே ஆடியவருக்குச் சரி. முதல் தடவை ஆடுபவர் பழையதில் தொடங்கட்டும். 1998-இல் வந்த வண்ணப் பதிப்பு கிடைத்தாலும் போதும்.