ஆய்வக வெள்ளை அங்கியை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி (ஏற்காடு மாணவி):
சேலத்தில் நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கிறேன். ஆய்வகத்தில் அங்கியை மாட்ட இடமில்லை. சாப்பாட்டு டப்பா இருக்கும் பையிலேயே அது பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறது; அம்மா எல்லாத் துணியோடும் துவைக்கிறார். வெயிலுக்கு அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொள்கிறோம். இது சரியா?

பதில் (அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பனர்):
கூடவே கூடாது, மகளே. அங்கி ஆய்வக வாசலைத் தாண்டக் கூடாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா துணியில் பல நாட்கள் உயிரோடு கிடக்கும். நுண்ணுயிர் வளர்ப்புக் குழம்பு தெறித்துவிட்டால் முதலில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கலன்): 121 டிகிரி செல்சியஸ், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். பிறகுதான் சலவை.

கையை மடிக்காதே. கையுறையின் விளிம்பு அங்கிக் கையின் மேல் ஏறி நிற்க வேண்டும்; திறந்திருக்கும் மணிக்கட்டு ஆபத்து. பாலியஸ்டர் வேண்டாம், பன்சன் என்ற ஆய்வக எரிவாயு அடுப்பின் சுடர் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியே தைத்துக்கொள், நம் ஊர் வெயிலுக்கும் அதுதான் ஏற்றது. இன்னொன்று: கையில் தேய்த்த ஆல்கஹால் காயும் முன் சுடரருகே போகாதே. இதைப் பலர் சொல்லித்தருவதே இல்லை, எனக்கு அதில் கோபம் உண்டு.

கேள்வி (ஆத்தூர் வாசகர்):
ஐயா, காசநோய்ச் சளி மாதிரிக்குச் சாதாரண முகக்கவசம் போதுமா?

பதில் (அம்மாபேட்டை):
போதாது. காற்றில் மிதக்கும் நுண்துளிகளை அது தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வடிகட்டிக் கவசம் வேண்டும், வேலையும் காற்றை வடிகட்டும் உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் நடக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. கதவருகே கொக்கிகள் அடித்துத் தரும்படி துறைத்தலைவரிடம் நாளை எழுதிக் கொடுக்கிறோம்.