டீ டிகாஷன் நிறத்தில் ரேடியேட்டர் தண்ணீர்

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள்
ஞாயிற்றுக்கிழமை

காலை 6:48
தம்பி: மாமா, கார் ரேடியேட்டர் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி இருக்கிறது. இன்று நானே கழுவப் போகிறேன். நேற்று ராத்திரி ஊரிலிருந்து வந்ததும் மூடியைத் திருகப் போனேன், அப்பா கையைத் தட்டிவிட்டார்.

மாமா: அப்பாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடு. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி நிற்கும். அதனால்தான் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடியைத் திறந்தால் அந்த நொடியே பொங்கி முகத்துக்கு வரும். அம்பாசிடர் ஓட்டிய காலத்தில் என் வலது கை வெந்தது அப்படித்தான்.

தம்பி: அது வடைச்சட்டி எண்ணெய் இல்லையா?

மாமா: பாட்டிக்குச் சொன்ன கதை அது.

அம்மா: அண்ணா!! இத்தனை வருஷமாகவா?

மாமா: சரி சரி. டேய், இப்போது ஆறியிருக்கும். மேல் ஹோஸை அமுக்கிப் பார், தொளதொளவென்று இருந்தால் மூடியைத் திற. பேட்டரி மைனஸ் வயரையும் கழற்று. சில வண்டிகளில் சாவி போடாமலே ஃபேன் சுற்றும்.

7:20
தம்பி: கீழே டிரெயின் பிளக்கைத் திறந்து சாக்கடையில் விட்டுவிடவா?

நான்: வேண்டாம்! ரேடியேட்டர் தண்ணீரில் கலந்திருக்கிற கூலன்ட்டில் எத்திலின் கிளைக்கால் இருக்கும், அது இனிக்கும். நாய், பூனை நக்கினால் கிட்னி போய்விடும், கொஞ்சம் போதும். பேசினில் பிடித்து, கேனில் ஊற்றி மூடு.

தம்பி: அக்கா, ரோஸி வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கிறாள்.

அம்மா: முதலில் அவளைக் கட்டிப்போடுடா.

மாமா: கேனை என்னிடம் கொடு, கழிவு ஆயில் எடுக்கும் இடத்தில் கேட்கிறேன்.

9:05
தம்பி: போர் தண்ணீர் நிரப்பி, பேட்டரி வயரை மாட்டி வண்டியை ஓடவிட்டிருக்கிறேன்.

மாமா: கழுவ மட்டும் போர் தண்ணீர். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில்தான். வெந்நீர் அண்டாவுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசி வரை திருப்பு, அதற்குள் தேங்கிய அழுக்கும் வரட்டும். மேல் ஹோஸ் திடீரென்று சுடும், அப்போதுதான் தெர்மோஸ்டாட், அதாவது சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு, திறக்கிறது. அதற்கு முன் நிறுத்தினால் பாதி இன்ஜினைத்தான் கழுவியிருக்கிறாய்.

9:31
தம்பி: சுட்டது, நிறுத்திவிட்டேன். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஆறுமா?

மாமா: இன்ஜின் ஹெட் விரிசல் விடும். போய் இட்லி சாப்பிடு, தூங்கு, 12 மணிக்கு வா.

மதியம் 3:10
தம்பி: மூன்றாவது தடவை தெளிவாக வந்தது. டிஸ்டில்டு வாட்டரிலும் அலசியாச்சு. கடையில் கூலன்ட் பச்சையும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது.

மாமா: நிறத்தை நம்பாதே. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் வகையை வாங்கு. பாட்டிலில் ரெடி டு யூஸ் என்றிருந்தால் அப்படியே ஊற்று. கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. மெதுவாக ஊற்று. மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய், குமிழி நிற்கும் வரை அளவு இறங்க இறங்க நிரப்பு. காற்று உள்ளே மாட்டினால் மறுபடி சூடேறும்.

4:02
தம்பி: குமிழி நின்றது, மூடியாச்சு. ஓட்டிப் பார்த்தேன், சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை 😎

மாமா: நாளைக் காலை ஆறிய பிறகு கூலன்ட் டேங்கில் அளவு பார்.

தம்பி: ரோஸியை அவிழ்த்துவிடவா?

நான்: கீழே சிந்தியதை மணல் போட்டு வழித்து எடுத்தாயா?

தம்பி: எடுத்தாச்சு. பேசினையும் கழுவி வைத்துவிட்டேன்.

அம்மா: எந்த பேசின்?

தம்பி: கிணற்றடியில் இருந்த நீல பேசின்.

அம்மா: அது மாவு கரைக்கிற பேசின்டா!!!